மேல என்றால் மேற்கு

எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடிவிடும். புத்தி பின்னால் மெதுவாக நடந்து வந்து சேரும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஐந்து பேர் ஒரு கட்சியாகச் சேர்ந்து ஆடும் சண்டை விளையாட்டு ஒன்றைச் செல்போனில் கற்றுக்கொள்ள நாற்பத்து நான்கு வயதில் உட்கார்ந்தேன் என்றால், அதற்கு இந்த வாய்தான் காரணம்.

கீழ்வேளூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். காவிரித் தண்ணீர் எங்கெங்கோ சுற்றி, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியாக எட்டிப் பார்க்கிற இடம். இரண்டரை ஏக்கர் நிலத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மகள் தஞ்சாவூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என் கணவர் அப்போது பதினோரு வருடமாகக் குவைத்தில் ஏசி மெக்கானிக். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அவருடைய ஒப்பந்தம் முடியும். ஒவ்வொரு முறையும் மறுபடி கையெழுத்துப் போட்டுவிட்டு, நாற்பது நாள் லீவில் வந்து போவார்.

கடைசியாக வந்தபோதுதான் அது நடந்தது. முந்தின நாள் வயலுக்கு உரம் போட்டிருந்தேன். அது அவருக்குத் தெரியாது. ராத்திரி பெய்த மழையில் பயிர் மூழ்கிவிடுமோ என்று பயந்து, விடிந்ததும் தானாகவே போய் வடிகாலை வெட்டி விட்டிருக்கிறார். போட்ட உரமெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. களை எடுக்க வந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, நான் கத்தினேன்.

"உங்கள யாரு இங்க வரச் சொன்னது? வயலப் பத்தி உங்களுக்கு என்னா தெரியும்? நீங்க போங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன். இத்தன வருஷம் நீங்க இல்லாமதானே நடந்துச்சு!"

அவர் வாய்க்காலில் இறங்கிக் காலைக் கழுவினார். மண்வெட்டியைக் கழுவினார். கழுவிய மண்வெட்டியையே மறுபடியும் கழுவினார். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார். மீதி லீவு முழுவதும் வயல் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

திரும்பிப் போன பிறகு போனில் எங்களுக்குள் பேச்சு வற்றிவிட்டது. "சாப்டியா?" என்பார். "சாப்டேன், நீங்க?" என்பேன். "ம்." அவ்வளவுதான். அவருடைய ஒப்பந்தம் வருகிற மார்கழியில் முடிகிறது. மறுபடி கையெழுத்துப் போடப்போகிறாரா, பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடப்போகிறாரா? எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். வந்துடுங்க என்று சொல்ல எனக்கு அவ்வளவு ஆசை. ஆனால் பத்துப் பேர் முன்னால் போங்க என்று சொன்ன வாய் இது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு வாங்க என்று கூப்பிடுவது?

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அங்கே அன்றைக்கு விடுமுறை. நான் வாய்க்காலில் தண்ணீர் வந்த செய்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவர் பக்கத்திலிருந்து டமால் டுமீல் என்று சத்தம். "ம்" என்பது கூட இடம் மாறி மாறி விழுகிறது. அறை நண்பர்களோடு அந்த விளையாட்டை ஆடிக்கொண்டே என்னோடு பேசுகிறார்!

"அந்த எழவு கேமையே கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்தியிருக்கலாமே!" என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போலிருக்கிறது. ஒரே சிரிப்பு. இன்னொரு குரல் கேட்டது. அவரோடு தங்கியிருந்த பேராவூரணித் தம்பி. "அண்ணி, கோவப்படாதீங்க. எங்க டீம்ல ஒருத்தரு முடிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிட்டாரு. ஒரு ஆளு கொறையுது. நீங்களே வந்துடுங்களேன்."

கேலிக்குத்தான் சொன்னான். எனக்கு மூக்கு விடைத்துவிட்டது. "ஏன், எனக்கு வராதா? என்னா பெரிய கம்பசூத்திரமா அது? வர்றேன் தம்பி!"

மகள் விடுமுறைக்கு வந்தபோது என் போனில் அதை ஏற்றிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் சிரித்தாள்.

வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. வயல்மோட்டுப் பம்புசெட் கொட்டகையில்தான் முழுக் கோடு காட்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, அவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம், கொட்டகை நிழலில் உரச்சாக்கை விரித்து உட்கார்ந்துகொள்வேன். காதில் ஒயர். அந்த நேரத்துக் காற்று ஒரு மாதிரி மயக்கும். வானம் பாதி, தண்ணீர் பாதியாகக் கிடக்கும் வயலில் கொக்குகள் அசையாமல் நிற்கும். கையில் போன், போனுக்குள்ளும் ஒரு பச்சை ஊர்.

அந்த ஊரில் மூன்று பாதைகள். நம் கோட்டை ஒரு மூலையில், எதிராளி கோட்டை எதிர் மூலையில். நடுவே குறுக்காக ஓர் ஆறு. பாதைகளுக்கு இடையில் காடு, மறைந்து நிற்கப் புதர்கள். பாதை நெடுகக் காவலுக்கு டவர்கள். குட்டிக் குட்டிச் சிப்பாய்கள் வரிசையாகப் புறப்பட்டு வருவார்கள். நடவுக்கு வரும் ஆட்களைப் போல விடாமல் வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள், ஆளுக்கு நாலு வித்தை. எனக்கு ஒரு வைத்தியக்காரியைக் கொடுத்தார்கள். அடிக்கவே தெரியாது அவளுக்கு. அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுவாள், முன்னால் நின்று மறைப்பாள்.

"இதுக்குப் பேரு சப்போர்ட்டு. டீமுக்கே அதுதான் முக்கியம் அண்ணி," என்றான் பேராவூரணித் தம்பி. தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற வேலை என்று பிற்பாடு மகள் சொல்லித்தான் தெரிந்தது.

முதல் நாள் ஒன்றுமே புரியவில்லை. வெளிச்சம் பூக்கிறது, யாரோ கத்துகிறார்கள், நான் செத்துக் கிடக்கிறேன். எழுந்து பத்தடி நடப்பதற்குள் மறுபடி செத்துக் கிடக்கிறேன். ஆனாலும் சாவதில் ஒரு வலியும் இல்லை. படம் சாம்பல் நிறமாக மங்கும், சத்தமெல்லாம் தூரத்தில் கேட்கும். அந்தச் சில நொடிகளில் நிமிர்ந்து பார்த்தால் நிஜமான வயல் அப்படியே பச்சையாக நிற்கும். எது விளையாட்டு, எது வயல் என்று ஒரு கணம் குழம்பும். உண்மையைச் சொன்னால் அந்தக் குழப்பம் எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது வெள்ளிக்கிழமை வந்தது வினை. கூட ஆடியவர்களில் ஒருவர் சென்னைக்காரர், ஒருவர் மலையாளி. நான் ஆற்றங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். சென்னைக்காரர் அவசரமாகக் கத்தினார். "அக்கா, கீழ வாங்க! கீழ! சீக்கிரம் கீழ!"

கீழேதானே, இதோ வந்துவிட்டேன் என்று ஓடினேன். ஓடின ஓட்டத்தில் எதிராளியின் காட்டுக்குள் நுழைந்து, ஐந்து பேருக்கும் நடுவில் போய் நின்றேன். சட்னி. எழுந்து வந்ததும் "மேல போங்க, மேல!" என்றார். மேலே ஓடினேன். யாருமே இல்லாத எங்கள் காட்டுக்குள் போய், ஒரு மரத்தோரம் நின்றுகொண்டு, "வந்துட்டேன், யாரையும் காணோமே?" என்றேன்.

"ஐயோ அக்கா! மேலன்னா மேல! கீழன்னா கீழ! இதுகூடவா தெரியாது?"

"நீங்க சொன்ன எடத்துலதான்யா நிக்கறேன்! கண்ணு தெரியலையா உங்களுக்கு?" நானும் விடவில்லை. மலையாளி எதுவும் புரியாமல் "எந்தா, எந்தா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் கணவர் சிரித்தார். முதலில் என்ன சத்தம் என்றே எனக்குப் பிடிபடவில்லை. இருமுகிறாரோ என்று நினைத்தேன். மூச்சு வாங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அவள ஏன்டா திட்டற? அவ சரியாத்தான் போயிருக்கா," என்றார். "எங்க ஊருல மேலன்னா மேற்கு, கீழன்னா கெழக்கு. மேலேந்து தண்ணி வரும், கீழ கடலுக்குப் போவும். நீ கீழ வான்னே, அவ மேப்புல வலது பக்கம் ஓடினா. வலது பக்கம் கெழக்குதானே?"

அதுதான் நடந்திருந்தது. எங்களுக்கு மேலத்தெரு மேற்கே இருக்கிறது, கீழத்தெரு கிழக்கே இருக்கிறது. மேல மடையை அடை என்றால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. திரையின் மூலையில் இருந்த சின்ன வரைபடத்தை நான் பள்ளிக்கூடத்து வரைபடமாகவே பார்த்திருந்தேன். மேலே வடக்கு, வலது கை கிழக்கு. அவர்கள் மேல என்று சொன்னது என் கணக்குக்கு வடக்கு!

"அப்ப நாமெல்லாம் குவைத்துல இருக்கமே, அண்ணிக்கு நாம மேலயா?" என்றான் பேராவூரணித் தம்பி.

"ஆமா தம்பி, மேலதான். ஊருல அப்புடிச் சொல்லிடாதீங்க, மாலையத் தூக்கிக்கிட்டு வந்துடுவாங்க," என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகு அவர் தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "நானும் இவனுங்களோட சேந்து ஸ்கிரீனப் பாத்துத்தான் மேல கீழன்னு சொல்றேன். ஊரு பழக்கமே மறந்துபோச்சு."

அன்றைக்கு வரப்பில் நடந்து வீட்டுக்கு வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் செய்த தப்பால் ஆட்டமே போனது. கூட இருந்த மூன்று பேர் கேட்கும்படி அவரும் என்னைத் திட்டியிருக்கலாம். அவர் என் பக்கம் நின்று பேசினார். நான் அன்றைக்கு என்ன செய்தேன்? பயிர் மூழ்கிவிடுமே என்று பயந்து ஓடிய மனுஷனை, பத்துப் பெண்கள் முன்னால் கூலி ஆளைக்கூடப் பேசாத பேச்சுப் பேசினேன். என் நாக்கில் சனி.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகள் வேறு மாதிரி ஆகிவிட்டன. எனக்காக அந்த மூன்று பேரும் திசையை மாற்றிக்கொண்டார்கள். "அக்கா வடக்கால வாங்க, கெழக்கால ரெண்டு பேரு ஒளிஞ்சிருக்காங்க" என்று சென்னைக்காரரே பேச ஆரம்பித்தார். நானும் அவர்கள் சொல்லுகிற மேல, கீழவைப் பழகிக்கொண்டேன். இரண்டும் கலந்து எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் புரிகிற ஒரு பாஷை உண்டானது. யார் எங்கே போய் மறைந்தார்கள் என்று நினைவில் வைப்பது எனக்குச் சுலபமாக வந்தது. எந்த மடையில் யார் தண்ணீரைத் திருப்பினார்கள் என்று பத்து வருடமாகக் கண்காணித்தவள் இல்லையா?

ஆட்டம் முடிந்த பிறகும் அவர் போனை வைக்கமாட்டார். சம்பா விதைத்தாயிற்றா, முளைப்பு எப்படி, வாய்க்கால் கரையில் அந்தப் பூவரசு இருக்கிறதா என்று கேட்பார். நான் வீடியோவில் வயலைக் காட்டுவேன். அங்கே வெளியே வெறும் வெயில், அவர் அறை ஜன்னலில் ஒட்டின பழுப்புத்தாள். இங்கே காற்று பயிரைப் படுக்கவைத்து எழுப்பிக்கொண்டிருக்கும். இரண்டு பேரும் பேசாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். கண் சொக்கும். சாக்கில் தலை சாய்த்துத் தூங்கியும் இருக்கிறேன். அந்தத் தூக்கத்தில் மூன்று பாதையும் மூன்று வாய்க்காலாகிவிடும். குட்டிச் சிப்பாய்கள் நாற்றுக்கட்டோடு போவார்கள். அவர் ஆற்றின் அந்தக் கரையில் மண்வெட்டியோடு நிற்பார். நான் கூப்பிடுவேன், சத்தம் வராது. விழித்தால் போனில் அவர் இன்னும் இருப்பார், "தூங்கிட்ட, எழுப்ப வேணாம்னு இருந்தேன்" என்பார்.

இவ்வளவும் பேசினோம். மார்கழியைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. அந்த வெள்ளிக்கிழமை காலையில் வடிகாலை நானே வெட்டிவிட்டுவிட்டு, உடம்பெல்லாம் சேறாக வந்து கொட்டகையில் உட்கார்ந்தேன். தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் காதில் எதுவும் சரியாக விழவில்லை. ஆட்டம் மோசமாகப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய ஆளுக்கு உயிர் இம்மியளவுதான் மிச்சம். காட்டுக்குள் ஓடினார். இரண்டு பேர் துரத்தினார்கள்.

அந்த விளையாட்டில் ஒரு வசதி உண்டு. ஒரு பொத்தானைத் தொட்டுவிட்டு அசையாமல் நின்றால், சில நொடிகளில் நேராக வீட்டுக்கு, அதாவது நம் கோட்டைக்குப் போய்விடலாம். போனால் உயிர் முழுசாக ஏறிவிடும். ஆனால் அந்தச் சில நொடிகளில் யாரும் அடிக்கக்கூடாது. அடி விழுந்தால் போகமுடியாது. அவர் ஒரு புதருக்குள் நின்று அந்தப் பொத்தானைத் தொட்டார். காலடியில் நீலமாக ஒரு வட்டம் சுழன்றது. புதருக்கு வெளியே நின்ற என்னை இரண்டு பேரும் நெருங்கிவிட்டார்கள். அவர் பாதியில் விட்டுவிட்டு, என்னைக் காப்பாற்றத் திரும்பி வரப் பார்த்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "நீங்க வீட்டுக்குப் போங்க! நான் பாத்துக்கறேன்!"

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது. அதே வார்த்தைகள். மழைச் சத்தத்தையும் மீறிக் கத்தியதால் குரலும் அதே குரல். நீல வட்டம் சுழன்று முடிந்தது. அவர் மறைந்து வீடு போய்ச் சேர்ந்தார். என் வைத்தியக்காரி விழுந்தாள். படம் சாம்பலாகிவிட்டது.

"நெசமாத்தான் சொல்றியா?" என்றார் அவர்.

"என்னத்த?"

"வீட்டுக்குப் போங்கன்னியே."

மூன்று பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். கேட்கட்டும். அன்றைக்கும் பத்துப் பேர் கேட்கத்தானே பேசினேன்!

"நெசமாத்தான் சொல்றேன். அன்னைக்கு வயல்ல சொன்னதுதான் பொய்யி. நீங்க இல்லாம நடந்துச்சு, ஆனா எப்புடி நடந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். எனக்கு வாய் நீளம்ங்க. அதுக்காக அங்கயே இருந்துடுவீங்களா?"

பேராவூரணித் தம்பிதான் வாயைத் திறந்தான். "அண்ணா, நடு டவரு போயிடுச்சு." சிக்னலும் அதோடு போய்விட்டது.

அப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வழக்கம்போல ஆடினார், பூவரசைக் கேட்டார், பயிரில் பூச்சி உண்டா என்று கேட்டார். நானும் கேட்கவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி அவர் பாடு என்று வெளியில் வீறாப்பாக இருந்தேன். உள்ளுக்குள் தினம் செத்தேன்.

மார்கழி பிறந்தது. கதிர் தலை நீட்டிவிட்டது. இரண்டாவது வெள்ளிக்கிழமை மத்தியானம், சமைக்கச் சோம்பிப்போய்க் காலையில் மிஞ்சின பழையதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. "இன்னைக்கு கீழ வர்றேன்." அவ்வளவுதான். அவர் எப்போதும் நடுப்பாதையில் ஆடுகிறவர். இன்றைக்கு என்னோடு கீழ்ப்பாதைக்கு வருகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நாலு மணிக்குக் கொட்டகைக்குப் போனால் ஆளைக் காணோம். அவர் இடத்தில் முன்பின் தெரியாத யாரோ. எனக்குக் கடுப்பு ஏறியது. கீழ்ப்பாதையில் ஒண்டியாக டவரைக் காத்துக்கொண்டு, "எங்க அந்த மனுசன்? கீழ வர்றேன்னு மெசேஜ் போட்டாரு. என்னய இங்க தனியா நிக்க வச்சுட்டு எங்க போயித் தொலைஞ்சாரு?" என்றேன்.

சென்னைக்காரர் சிரிப்பை அடக்குவது கேட்டது.

"அண்ணி," என்றான் பேராவூரணித் தம்பி. "அண்ணன் எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்காரு, நான் ஒண்ணும் சொல்லக்கூடாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன். கீழ வர்றேன்னாரே, அது எந்தக் கீழ?"

எனக்கு உடனே புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். மேலே, அதாவது மேற்கே, வெயில் மஞ்சளாகச் சாய்ந்து கதிர்மேல் படுத்திருந்தது. அந்த வெயிலுக்கும் அந்தப் பக்கம்தான் குவைத். அங்கிருந்து பார்த்தால் எங்கள் ஊர் கீழ.

என் ஆள் டவரடியில் நின்றபடியே அடிபட்டுச் செத்தாள். நான் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்து திரை முழுவதும் பச்சையாகக் கலங்கிவிட்டது.

"வீட்டுக்குப் போங்க அண்ணி," என்றான் அவன். "அண்ணன் இந்தத் தடவ கையெழுத்துப் போடல. இங்க நாங்க பாத்துக்கறோம்."

சாக்கைக்கூட மடிக்காமல் வரப்பில் ஓடினேன். வீட்டில் ஒரு பிடி சோறு இல்லை, அரிசி இனிமேல்தான் களைய வேண்டும்.